பேட்டரி வண்டியும் 49வது மணி நேரமும்

பனியன் கம்பெனியில வேலை பார்க்கற ஒரு டைலருக்கு ரொம்ப முக்கியமான எலும்பு எதுன்னு கேட்டா என்ன சொல்வீங்க? முதுகெலும்புன்னு சொல்லத் தோணும். காலையில எட்டரைக்கு உட்கார்ந்தா ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை வரைக்கும் குனிஞ்ச தலை நிமிராம தைக்கறவங்களுக்கு அதுவும் நியாயம்தான். ஆனா நான் மணிக்கட்டுன்னுதான் சொல்வேன். ஓவர்லாக்ல துணியைத் திருப்பி விடறது, பேட்லாக்ல மடிப்பு நேரா போகப் பிடிச்சுக்கறது எல்லாம் அந்த ரெண்டு மணிக்கட்டும் பண்ற வேலை. அந்த எலும்புதான் இப்ப எங்க ஊர் ரோட்டுல அடிக்கடி உடையுது. ஏன் உடையுது, உடைஞ்சா இதுவரைக்கும் நம்ம ஜனங்க என்ன பண்ணாங்க, அதுக்கு யார் காசு கொடுத்தாங்கன்னு தேடிப் படிச்சதுல ஒரு நீளமான சரித்திரமே கிடைச்சுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பெருசாத்தான் வரும், காபி எடுத்துட்டு வந்துடுங்க. (இது வைத்தியப் பதிவு இல்லீங்க. டாக்டர்கிட்ட கேட்க வேண்டியதை என்கிட்ட கேட்டுடாதீங்க :-))

திருப்பூர்ல முதல் பனியன் கம்பெனி 1925 வாக்குல வந்துச்சுன்னு சொல்வாங்க. 1978ல வெரோனாங்கற இத்தாலிக்காரர் மூலமா ஏற்றுமதி சூடு பிடிச்சுது. அந்தக் காலத்துல கம்பெனி வாசல்ல நின்னதெல்லாம் சைக்கிள்தான். 1980ல ஓசூர்ல இருந்து டிவிஎஸ் 50 வந்தப்புறம் கட்டிங் மாஸ்டர், கான்ட்ராக்டர் எல்லாம் அதுக்கு மாறினாங்க. ஒரு பக்கம் பனியன் மூட்டை, இன்னொரு பக்கம் காஜா பட்டனுக்குப் போற பீஸ், நடுவுல ஓட்டறவர். அதுக்கப்புறம் ஸ்கூட்டி வந்து பொண்ணுங்களும் வண்டி எடுத்தாங்க. இப்ப பேட்டரி வண்டி. நம்ம பக்கத்துக்கு இது புதுசும் இல்லை. 2008லயே கோயமுத்தூர்ல ஹேமலதா அண்ணாமலை ஆம்பியர் கம்பெனியைத் தொடங்கிட்டாங்க.

காலையில எட்டு மணிக்கு மங்கலம் ரோட்டுலயோ பி.என். ரோட்டுலயோ ஒரு ஓரமா நின்னு பாருங்க. பேட்டரி வண்டியில போறவங்கள்ல நாப்பது வயசு தாண்டின பெண்கள் நிறைய இருப்பாங்க. வாழ்நாள் முழுக்க நடந்தோ, கம்பெனி வேன்லயோ போனவங்க. அவங்க இதை வாங்கறதுக்கு பெட்ரோல் விலை ஒரு காரணம், லைசென்ஸ் வேண்டாங்கறது இன்னொரு காரணம். மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழேன்னா அது மத்திய மோட்டார் வாகன விதிகள்படி மோட்டார் வாகனமே இல்லை. லைசென்ஸ் வேண்டாம், ஆர்.சி. புக் வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம். 2015 ஜூலையில ஐகோர்ட் உத்தரவால தமிழ்நாடு முழுக்க ஹெல்மெட் கெடுபிடி ஆச்சே, அதுவும் இந்த வண்டிக்குப் பொருந்தாது. சட்டத்தோட கண்ணுக்கு இது சைக்கிள் மாதிரிதான்.

ஆனா ரோடு அப்படிப் பார்க்காதே! சைக்கிள்ல 12 கிலோமீட்டர் வேகத்துல போறவர் விழறதுக்கும் 25 கிலோமீட்டர்ல போறவர் விழறதுக்கும் ரெண்டு மடங்குதான் வித்தியாசம்னு நினைப்போம். பள்ளிக்கூடத்துல படிச்ச இயற்பியலை ஞாபகப்படுத்துங்க, வேகத்தோட வர்க்கம். நாலு மடங்குக்கு மேலே போகுது. போதாததுக்கு வயரை மாத்திக் கொடுத்து வேகத்தைக் கூட்டற 'தொழில்நுட்பம்' வேற சந்துக்குச் சந்து இருக்கு. பெட்ரோல் வண்டி ஆக்சிலேட்டர் முறுக்கினா உறுமிட்டுக் கிளம்பும். இது சத்தமே இல்லாம விசுக்குன்னு பாயும். சாயப்பட்டறைக்குக் குழாய் பதிக்கத் தோண்டி, மூடியும் மூடாம விட்ட பள்ளத்துல சின்னச் சக்கரம் இறங்கினா ஆள் முன்பக்கமாப் பறக்க வேண்டியதுதான்.

விழும்போது மனுஷன் என்ன பண்ணுவான்? கையை நீட்டுவான். யாரும் சொல்லிக் கொடுத்து வர்றதில்லை. உடம்போட மொத்த பாரமும் விரிஞ்ச உள்ளங்கை வழியா மணிக்கட்டுக்கு வருது. முன்கையில கட்டைவிரல் பக்கம் இருக்கற எலும்பு மணிக்கட்டுக்கு ஒரு அங்குலம் மேலே உடையுது. இதை 1814லயே டப்ளின்ல ஆபிரகாம் காலிஸ்னு ஒரு அறுவை மருத்துவர் எழுதி வெச்சுட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிச்சது 1895ல. அதுக்கு 81 வருஷம் முன்னாடி, வெறும் கையால தடவிப் பார்த்து, இது மூட்டு பிசகினது இல்லை, எலும்பு உடைஞ்சதுன்னு சொன்ன மனுஷன். இன்னிக்கும் டாக்டர்கள் காலிஸ் முறிவுன்னுதான் எழுதறாங்க.

வண்டி மாறினாலும் இந்த எலும்புக்கு விடிவு இல்லை. 2015ல அமெரிக்காவுல ஹோவர்போர்டு மோகம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல ஒரு பலகை, பிடிக்கக் கைப்பிடிகூடக் கிடையாது. பேட்டரி தீப்பிடிக்குதுன்னு 2016 ஜூலையில சுமார் 5 லட்சம் பலகையைத் திரும்ப வாங்கச் சொல்லி அங்கே உத்தரவு போட்டாங்க. பத்திரிகைகள் தீயைப் பத்தித்தான் எழுதுச்சு. ஆஸ்பத்திரிகளுக்கு வந்த பிள்ளைங்ககிட்ட அதிகமாப் பார்த்தது எலும்பு முறிவு, அதுலயும் மணிக்கட்டு. அடுத்து 2017ல சான்டா மோனிகாவுல நின்னுட்டு ஓட்டற வாடகை மின் ஸ்கூட்டர் வந்துச்சு. அந்த வட்டாரத்துல ரெண்டு ஆஸ்பத்திரியில ஒரு வருஷம் கணக்கெடுத்தாங்க. வந்தவங்க 249 பேர். தலையில அடிபட்டவங்க 100, எலும்பு முறிஞ்சவங்க 79. ஹெல்மெட் போட்டிருந்ததா பதிவானவங்க வெறும் 10 பேர். நம்ம ஊர் எவ்வளவோ தேவலைன்னு சொல்லிக்கலாம்தான், சொல்ல வாய் வரலை.

சரி, உடைஞ்சாச்சு. அப்புறம்?

எங்க தாத்தா காலத்துல கேள்விக்கே இடமில்லை, வைத்தியசாலைதான். கோயமுத்தூர்ப் பக்கம்னா தெலுங்குபாளையம். கொஞ்சம் வடக்கே போனா புத்தூர் கட்டு. ஆந்திராவுல சித்தூர் பக்கத்துப் புத்தூர்ல 1881ல ஒரு ராஜு குடும்பம் இதை ஆரம்பிச்சதா சொல்லப்படுது. இப்ப தமிழ்நாட்டுல எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் 'ஒரிஜினல் புத்தூர் கட்டு' போர்டு ரெண்டாவது இருக்கும் (எல்லாமே ஒரிஜினல்தான்!). மூங்கில் தப்பை, பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி. இதைக் கிண்டல் பண்றவங்களோட நான் சேர மாட்டேன். எலும்பு விலகாம லேசா விரிசல் விட்டிருந்தா அசையாம வெச்சாலே கூடிடும், அதை அவங்க நல்லாவே செஞ்சாங்க. கிராமத்து ஜனங்களுக்குப் பக்கத்துல, கையில இருக்கற காசுக்கு, தெரிஞ்ச பாஷையில பேசற வைத்தியம் அது ஒண்ணுதான் இருந்துச்சு.

சிக்கல், கட்டை இறுக்கும்போதுதான். புத்தூர்ல கட்டு ஆரம்பிச்சதா சொல்ற அதே 1881ல, ஜெர்மனியில ரிச்சர்ட் வோல்க்மன்னு ஒரு டாக்டர், இறுக்கிக் கட்டின கையில ரத்த ஓட்டம் நின்னு சதை செத்து, விரல் எல்லாம் கொக்கி மாதிரி மடங்கிப் போறதைப் பத்திக் கட்டுரை எழுதினார். இது நாட்டு வைத்தியத்துக்கு மட்டும் வர்ற கேடு இல்லை. மாவுக்கட்டு போட்டாலும் வரும். கட்டு போட்டப்புறம் வலி குறையாம ஏறிட்டே போனா, விரல் மரத்துப் போனா, நீலம் பாஞ்சா, விரலை நீட்டி விட்டாலே உயிர் போற மாதிரி இருந்தா, விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே போய் கட்டைத் தளர்த்தணும். மணிக்கணக்குல கை போயிடும்.

பெரிய முறிவுக்கு நம்ம பக்கத்துக்கு வழி பிறந்தது 1978ல. டாக்டர் ஜே.ஜி. சண்முகநாதன் கோயமுத்தூர்ல கங்கா ஆஸ்பத்திரி ஆரம்பிச்சார். அவர் மகன்கள்ல ராஜசேகரன் எலும்பு, ராஜசபாபதி கை அறுவையும் ஒட்டுறுப்பு அறுவையும். எலும்பு டாக்டரும் சதை டாக்டரும் ஒரே மேசையில நின்னு வேலை செய்யறதுங்கறது அன்னிக்குப் பெரிய விஷயம். 2006ல அவங்க குழு ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டுச்சு. தோல் கிழிஞ்சு கால் எலும்பு வெளியே வந்த விபத்துல, காலை எடுக்கணுமா காப்பாத்தலாமான்னு முடிவு பண்ண உதவற முறை. 14 வரைக்கும்னா காப்பாத்தலாம், 17க்கு மேலேன்னா கஷ்டம், நடுவுல 15, 16 வந்தா டாக்டரோட அனுபவம். அந்த மதிப்பெண் முறைக்கு உலகம் பூரா கங்கா பேர்தான். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு ரோட்டுல விழுந்த ஜனங்களோட கால்களை வெச்சு எழுதின பாடம்னு நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கறதா, வருத்தமா இருக்கறதான்னு தெரியலை.

ஆனா இந்தச் சரித்திரத்துல என்னை ரொம்ப நேரம் உட்கார வெச்சது கோயமுத்தூர் இல்லை, வேலூர். கொல்லிமலையில 1914ல பிறந்த வெள்ளைக்காரர் பால் பிராண்ட். வேலூர் சி.எம்.சி.யில தொழுநோயாளிகளோட மடங்கிப்போன விரல்களை அறுவை செஞ்சு நிமிர்த்தினவர். நிமிர்த்தினதோட விட்டிருந்தா இங்கே அவரைப் பத்திப் பேச மாட்டேன். நிமிர்ந்த கை திரும்ப ஒரு வேலை செஞ்சு சம்பாதிச்சாத்தான் அது கைன்னு அவர் நினைச்சார். அதுக்காக 1950களோட தொடக்கத்துல மருத்துவக் கல்லூரி வளாகத்துலயே ஒரு நிலையம் வெச்சு நோயாளிகளுக்குத் தொழில் பழக்கினார்.

அதே ஆஸ்பத்திரியில மேரி வர்கீஸ்னு ஒரு இளம் டாக்டர். 1954ல கூட வேலை செய்யற டாக்டர்களோட பிக்னிக் போன வண்டி விபத்துல சிக்கி, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்து போச்சு. வயசு முப்பதுகூட ஆகலை. சக்கர நாற்காலியில உட்கார்ந்துட்டே அறுவை செய்யலாம் வாங்கன்னு கூப்பிட்டவர் பால் பிராண்ட்தான். அந்தம்மா அப்படியே செஞ்சாங்க. அப்புறம் ஆஸ்திரேலியா போய்த் தானே சிகிச்சை எடுத்து, நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சு, திரும்பி வந்து சி.எம்.சி.யில அதுக்குன்னே துறையைக் கட்டினாங்க. 1966ல, உள்நோயாளியாவே தங்கி சிகிச்சை எடுத்துக்கற மறுவாழ்வு நிலையம், இந்தியாவுலயே முதல் தடவையா, வேலூர்ல திறந்துச்சு. 1972ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. எலும்பு கூடினதோட சிகிச்சை முடியறதில்லைங்கற எண்ணமே ஒரு ரோடு விபத்துல இருந்துதான் நம்ம மாநிலத்துல ஒரு கட்டடமா எழுந்திருக்கு.

இதை ஏன் இவ்வளவு இழுக்கறேன்னா, எங்க வீதியில ஒரு அக்கா. பவர் டேபிள் டைலர். போன வருஷம் வேலை முடிஞ்சு பேட்டரி வண்டியில வரும்போது பள்ளத்துல விழுந்து வலது மணிக்கட்டு உடைஞ்சுது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரிச்சப்புறம் பார்த்தா கை மெலிஞ்சு, வேற யாரோட கையோ மாதிரி இருந்துச்சு. மளிகைக் கடையில மீதிச் சில்லறை வாங்க உள்ளங்கையை மேல்பக்கமாத் திருப்ப முடியலை. இடது கையை நீட்டினாங்க. பிசியோதெரபிக்கு வாரம் மூணு நாள் வரச் சொல்லியிருந்தாங்க. ரெண்டு தடவை போனதோட நின்னுட்டாங்க.

"ஏனுங்க்கா, போகலீங்களா?"ன்னு கேட்டேன்.

"கட்டுதான் பிரிச்சாச்சே கண்ணு, இன்னும் என்னத்துக்கு ஆஸ்பத்திரி? ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்தா ஒரு நாள் கூலி போச்சு."

அவங்க சொல்றதுல தப்பு கண்டுபிடிக்க எனக்கு வாய் இல்லை. ஆனா மணிக்கட்டு முறிவுல பாதி வேலை கட்டு பிரிச்சப்புறம்தான் ஆரம்பிக்குது. கட்டு போட்ட அன்னிக்கே விரலையும் தோளையும் அசைக்க ஆரம்பிக்கணும். கையைத் தொங்கவிடாம உசத்தி வெச்சா வீக்கம் குறையும். கட்டு பிரிச்சப்புறம் மணிக்கட்டை மேலே கீழே, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பி, வெதுவெதுன்னு தண்ணியில வெச்சு, கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கணும். பிடி பழைய பலத்துக்கு வர மாசக்கணக்காகும். விட்டுட்டா இறுகிப் போற மூட்டு அப்படியே நின்னுடும். எக்ஸ்ரேல எலும்பு அழகாக் கூடியிருக்கும், துணியைத் திருப்பத்தான் வராது.

இப்ப காசுக் கதைக்கு வர்றேன். தமிழ்நாட்டுல 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பர்ல வந்துச்சு. 2021 டிசம்பர் 18ல மேல்மருவத்தூர்ல 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' தொடங்குனாங்க. தமிழ்நாட்டு எல்லைக்குள்ள ரோடு விபத்துல யார் அடிபட்டாலும், பீகார்க்காரரோ ஒடிசாக்காரரோ, முதல் 48 மணி நேரம் இலவசம். தொடங்கும்போது ஒரு லட்சம் வரைக்கும். எங்க ஊர் மாதிரி பாதி ஜனம் வெளி மாநிலத்துல இருந்து வந்த ஊருக்கு இது சாதாரண விஷயம் இல்லை. 2025 மே மாசம் மத்திய அரசும் ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு, ஏழு நாள், ஒன்றரை லட்சம். அது மோட்டார் வாகனத்தால வந்த விபத்துக்கு. நம்ம அக்காவோட வண்டி மோட்டார் வாகனமே இல்லைன்னு மேலே பார்த்தோமே... உயிரைக் காப்பாத்தற கணக்குக்கு 48 மணி நேரம் சரி. மணிக்கட்டோட கணக்கு 49வது மணி நேரத்துலதான் ஆரம்பிக்குது. 2021 ஆகஸ்ட்ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கறாங்க, அது நல்ல சங்கதி. ஆனா கூலி?

கூலிக்குன்னு இருக்கறது இ.எஸ்.ஐ. நம்ம மாநிலத்துல அது முதல்ல வந்த ஊர் கோயமுத்தூர்தான், 1955ல, மில் தொழிலாளிகளுக்காக. உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டா சராசரிக் கூலியில 70 சதவீதம், அதுவும் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும். வேலையால வந்த காயம்னா 90 சதவீதம், கை சரியாகற வரைக்கும், நாள் வரம்பு இல்லை. அப்ப கேள்வி ஒண்ணுதான். வேலைக்குப் போற வழியில உடைஞ்ச எலும்பு வேலையால வந்த காயமா, இல்லையா?

இதுக்குப் பதில் கிடைக்க எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? 1971ல ஒரு தொழிலாளி சைக்கிள்ல ஷிப்டுக்குப் போயிட்டிருந்தார். ஷிப்ட் நாலரைக்கு. நாலேகால் மணிக்கு, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது லாரி மோதி காரை எலும்பு உடைஞ்சுது. மோதினது அவர் வேலை செஞ்ச கம்பெனியோட லாரியேதான்! கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1996ல, அதாவது 25 வருஷம் கழிச்சு, தீர்ப்பு. ரோட்டுல நடந்தது, வேலையில நடந்தது இல்லை, இ.எஸ்.ஐ. கொடுக்க வேண்டியதில்லைன்னுட்டாங்க. கேட்டுக்குள்ளே விழுந்தா 90, வெளியே விழுந்தா 70.

2010ல இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி 51இன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. வீட்டுல இருந்து வேலைக்கு, வேலையில இருந்து வீட்டுக்குப் போற வழியில நடக்கற விபத்தும் வேலைக் காயம்தான். நேரம், இடம், சூழ்நிலை மூணுக்கும் வேலையோட தொடர்பு இருக்கணும், அவ்வளவுதான். என்ன வண்டின்னு கேட்கலை பாருங்க. ஆர்.சி. புக் இல்லாத பேட்டரி வண்டியும் ஒண்ணுதான், நடந்து போறதும் ஒண்ணுதான். 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி போய், 1923ம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் இதே அர்த்தம்தான்னு சொல்லிடுச்சு. இ.எஸ்.ஐ.க்குள்ளே வராத ஆளுக்கும் ஒரு கதவு திறந்த மாதிரி. 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இந்த ஏற்பாடு இருக்கு.

எங்க அக்காவுக்கு மாசாமாசம் இ.எஸ்.ஐ. பிடிக்கறாங்க. கம்பெனியில என்ன பண்ணாங்கன்னா, 'வழுக்கி விழுந்தது'ன்னு சொல்லி சாதாரண மெடிக்கல் லீவுல போட்டு விட்டுட்டாங்க. விபத்து அறிக்கைன்னு ஒரு தாள் எழுதி அனுப்பினா விசாரணை வரும், யாருக்கு வேண்டிக் கிடக்கு. கணக்குக்கு ஒரு நாள் கூலி 500ன்னு வெச்சுக்குங்க. 350க்கும் 450க்கும் ஒரு நாளைக்கு நூறு ரூபா வித்தியாசம், 91 நாளைக்கு 9,100. அதுக்கு மேலே போற நாளுக்கு சாதாரண லீவுல ஒண்ணுமே கிடையாது. ஆறு வாரம் கட்டு, அதுக்கப்புறம் ரெண்டு மாசம் கைப்பழக்கம்னு வெச்சாலே நூறு நாள் ஆயிடுதுங்களே. பிசியோதெரபிக்கு ஏன் போகலைங்கறதுக்கான பதில் இந்தக் கணக்குலயே இருக்கு.

கான்ட்ராக்டர்கிட்ட பீஸ் ரேட்டுக்குத் தைக்கற பல பேர் பேர் எந்தப் பேரேட்டுலயும் இல்லைங்கறது தனிக் கதை. அதை இன்னொரு பதிவுல வெச்சுக்கறேன்.

போன மாசம் அக்காவைக் கூட்டிட்டுப் போய் மனு எழுதிக் கொடுத்தோம். முதல்நாள் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, அன்னிக்கு கம்பெனியில வெளியே போன நேரம் எழுதின நோட்டோட போட்டோ, வண்டியைத் தூக்கி விட்ட பேக்கரிக்காரர் சாட்சி எல்லாம் சேர்த்து. ஒரே ஒரு இடத்துல மாட்டுச்சு. ஷிப்ட் முடிஞ்சது எட்டரை. விழுந்தது ஒன்பது பத்துக்கு. கம்பெனியில இருந்து வீட்டுக்குப் பேட்டரி வண்டியில இருபது நிமிஷம். நடுவுல அந்த இருபது நிமிஷம் எங்கே போச்சுன்னு கேட்டாங்க. ராத்திரிக்கு தோசை மாவும் தக்காளியும் வாங்க நின்னிருக்காங்க. வீட்டுக்குப் போற அதே ரோடு, அதே பக்கம். தக்காளி வாங்கினா வேலையோட தொடர்பு அறுந்து போகுமா? வக்கீல் நண்பர்கள் யாராச்சும் படிச்சீங்கன்னா பின்னூட்டத்துல சொல்லுங்க. அக்கா அடுத்த வாரம் மறுபடியும் போகணும்.